பொத்தல் எல்லாக் குடத்திலும் உண்டு

(நாகர்கோவிலில் ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



பள்ளியை விட்டு வந்து பல்லாண்டு கழிந்த பின்னும் மாணவர்கள் ஓர் ஆசிரியரை மறவாமல், தங்கள் கைக்காசைப் போட்டு ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓர் அவையைக் கூட்டுகிறார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. அந்த அவையில் கல்வி உளவியலைப் பற்றிப் பேசக் கிடைத்ததை என் பேறாகக் கருதுகிறேன்.

முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு கோயிலையும், அதோடு சேர்ந்து காந்தளூர்ச் சாலையின் முறைப்படி ஒரு கல்விச் சாலையையும் நிறுவினான். அவன் விட்டுச்சென்ற செப்பேட்டில் 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை பேர் என்பதுகூடக் கணக்காக இருக்கிறது. ஆயுதத்தோடு அவைக்கு வரக் கூடாது, ஒருவரையொருவர் ஏசக் கூடாது, மீறினால் தண்டம் என்று ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன.

அந்தச் சாலை ஒரு சிறு வட்டத்தாருக்கு மட்டும் திறந்திருந்தது. எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறக்க ஆயிரம் ஆண்டு ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் மறைபரப்பாளர் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, பின்னர் எழுந்த சமுதாய இயக்கங்கள், அரசுப் பள்ளிகள், மதிய உணவு என்று படிப்படியாக அந்தக் கதவு அகலத் திறந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நின்றது நம் குமரி மாவட்டம். பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரும் வேலையை நம் முன்னோர் செய்து முடித்துவிட்டார்கள். உள்ளே வந்த பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது நம் தலைமுறையின் வேலை. வருகைப் பதிவேட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் அது தெரியாது. அதைப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் கல்வி உளவியல்.

பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பாவ்லவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோலரின் குரங்கு என்று வரிசையாகப் படித்து எழுதியிருக்கிறோம். ஆசிரியர் தகுதித் தேர்விலும் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைக்கும் உரியது. தேர்வு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். மூடிய புத்தகத்தை வகுப்பறையில் மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

என் கருத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். "இவன் எப்படிப்பட்ட மாணவன்?" என்ற கேள்வியிலிருந்து "இவனுக்கு இப்போது எங்கே தடுக்கிறது?" என்ற கேள்விக்கு ஆசிரியரை நகர்த்துவதுதான் கல்வி உளவியல் செய்யும் ஒரே பெரிய உதவி. மற்ற உதவிகளெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் கேள்வி நமக்குப் பழகிய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றோர் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றோர் இடைத்தரம். பொத்தற் குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றோர் கடைத்தரம். நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் என் பக்கத்து இருக்கைப் பையனை நாள்தோறும் எருமை என்றே அழைத்தார். அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இன்று நாம் நாகரிகமாக 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எடுக்கிறோம். பெயர் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

ஆனால் அதே நன்னூல், மாணவன் எந்த வகையில் ஏற்றுக்கொள்வானோ அந்த வகையை அறிந்து சொல்லவேண்டும் என்று ஆசிரியருக்கும் கடமை வகுத்திருக்கிறது. தரம் பிரித்த பகுதியைப் பிடித்துக்கொண்ட நாம் இந்தப் பகுதியை விட்டுவிட்டோம். விட்ட பகுதியை ஆறு குறிப்புகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. பொத்தல் எல்லாக் குடத்திலும் உண்டு

1885இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் அவரேதான். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். பிறகு இடைவெளிவிட்டு, அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கற்றதில் பாதிக்கு மேல் நழுவியிருந்தது. பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக நழுவாது. ஆனால் அதுவும் நழுவும். உலகம் மதித்த ஓர் அறிஞரின் மனமும் பொத்தற் குடம்தான் என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளையை அந்தப் பெயரால் அழைக்க நமக்கு என்ன உரிமை?

பொத்தலை அடைப்பது எப்படி? 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பப் படித்தது. மறு குழு தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, மூடி எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு.

"படி, படி, திரும்பப் படி" என்று நாம் சொல்வது ஐந்து நிமிடத்துக்கு உதவுகிறது. புத்தகத்தை மூடி எடுத்துச் சொல்லவைப்பது ஒரு வாரத்துக்கு உதவுகிறது. நன்னூலும் இதன் பக்கத்தில் நிற்கிறது. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் வருவது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கும் நிறைகிறது என்பது அதன் கணக்கு.

ஆசிரியர்களே, இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வி, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று கேளுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். மதிப்பெண் வேண்டாம். விடையைப் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

2. பிழைக்கு ஒரு நியாயம் உண்டு

சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சி மாணவர்களின் வகுப்பைப் பார்வையிடத் தோவாளைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். நான்காம் வகுப்பு. கரும்பலகையில் 52லிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கு. ஒரு சிறுமி சிலேட்டில் 35 என்று எழுதியிருந்தாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அவள் வீட்டில் பூக்கட்டும் தொழில். வாழைநார் இழுத்து இழுத்து ஆட்காட்டி விரலின் ஓரம் காய்த்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்:

"மக்களே, 52 முழம் பிச்சி கட்டணும். 27 முழம் கட்டியாச்சு. இன்னும் எத்தன முழம் கெடக்கு?"

அவள் சிலேட்டைப் பார்க்கவே இல்லை. விரல்கள் மடியில் அசைந்தன. "மூணு கட்டினா முப்பது. பொறவு இருவது கட்டினா அம்பது. ரெண்டு கூட. இருவத்தஞ்சு முழம், சார்."

பிறகு சிலேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எச்சில் தொட்டு 35ஐ அழித்தாள்.

அவளுக்குக் கழித்தல் தெரியாமலில்லை. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று முதல் வகுப்பில் நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். அந்த விதியை அவள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேர்மையாகப் பின்பற்றினாள். பிழை அவள் கையில் இருந்தது. அதன் வேர் நம் சொல்லில் இருந்தது. சிலேட்டில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால் இந்த வேர் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிரேசில் நாட்டின் ரெசீஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1985இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக வந்தன. அதே வகைக் கணக்கைத் தாளில் எண்ணாக மட்டும் கொடுத்தபோது 37 விழுக்காடே சரி. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சிறுவர்களிடம் அண்மையில் நடந்து 2025இல் வெளியான ஆய்வும் இதையே கண்டது. கூடவே, பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் கண்டது. சந்தைக்கும் பள்ளிக்கும் நடுவே பாலம் தானாக எழுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தோவாளையில் பூவும், குளச்சலில் மீன் ஏலமும், குலசேகரத்தில் ரப்பர் பால் அளவையும் அறிந்த பிள்ளைகள் நம் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். பாலம் கட்டுவது நம் பொறுப்பு.

3. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்

விளவங்கோடு பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்த பாடத்தில் "ஊருக்குள் வெள்ளம் வந்தது" என்று ஒரு வரி. அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று ஆசிரியர் கேட்டார். ஒரு பையன் சந்தோஷமாகச் சொன்னான்: "எல்லாரும் குடம் எடுத்துட்டுப் போயிருப்பாவ." வகுப்பு சிரித்தது, அவன் தலை கவிழ்ந்தது. அவன் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். அவனுடைய விடையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் 'வெள்ளம்' என்றால் என்ன, புத்தகத்தில் என்ன என்று கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதியிருந்தால், ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்ற பாடம் அன்றே நடந்து முடிந்திருக்கும்.

பியாஜே, வைகாட்ஸ்கி என்று தேர்வுக்குப் படித்தோமே, இருவரும் 1896இல் பிறந்தவர்கள். குழந்தை தானே உலகைத் தொட்டுப் பார்த்து அறிவைக் கட்டுகிறது என்றார் பியாஜே. 37 வயதிலேயே மறைந்த வைகாட்ஸ்கி, தனியே செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் உள்ள நிலமே கற்றலின் நிலம் என்றார். வீட்டுக்குப் பூசுவேலை செய்யும் கொத்தனார் சாரம் கட்டுகிறார். சுவர் உலர்ந்ததும் பிரித்துவிடுகிறார். ஆசிரியரின் உதவியும் அப்படித்தான் இருக்கவேண்டும். சாரம் இல்லாமல் உயரே கை எட்டாது. சாரத்தைப் பிரிக்காமலே விட்டால் வீடு ஒருநாளும் குடியேறத் தயாராகாது.

இந்த அறிவை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தொழிலால் ஆசிரியர். தோட்டத்தில் பசு மேய்வதையும் கன்று துள்ளுவதையும் குழந்தையின் கண் பார்க்கும் வரிசையிலேயே பாட்டாக்கினார். அறிவுரை சொல்ல அவர் அவசரப்படவில்லை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அங்கே முதலில் போய் நின்றார். அந்தத் தேரூரில்தான் இன்று நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. நாம் எல்லாரும் அந்த மண்ணின் மாணவர்கள்.

4. காத்திருப்பதும் கற்பித்தலே

1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றை அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் விடை வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறார், அல்லது தாமே விடை சொல்லிவிடுகிறார். மூன்று வினாடி பொறுக்கப் பழகிய ஆசிரியர்களின் வகுப்பில் விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள்.

மூன்று வினாடி சிறிது என்று தோன்றும். நாற்பது பிள்ளைகள் முன்னே நின்று பாருங்கள், அது நீளமானது. நம்மில் பலருக்கு மௌனம் தோல்வி போலத் தெரிகிறது. அந்த மௌனத்தில்தான் மூன்றாம் வரிசைப் பிள்ளை, வீட்டு மொழியிலிருந்து புத்தக மொழிக்கு ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. கை தூக்கியவரை உடனே கூப்பிடாதீர்கள். எல்லாரும் ஒரு வரி எழுதட்டும்; பிறகு கேளுங்கள்.

5. அஞ்சிய மனத்தில் இடம் இருக்காது

மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய துணுக்குகள் மிகச் சில. 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார். பின்வந்தவர்கள் நான்குக்குப் பக்கம் என்கிறார்கள். அந்தச் சிறு இடத்தை "அடி விழுமோ, எல்லாரும் சிரிப்பார்களோ" என்ற எண்ணம் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மிச்சம் என்ன இருக்கும்? அடியால் ஒழுங்கு வரும் என்று நம்புகிறவர்கள் இதைக் கருதவேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடைசெய்திருக்கிறது. சட்டமும் உளவியலும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன.

நம் கடற்கரைப் பள்ளிகளுக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகும் அப்பாவை இழந்த பிள்ளைகள் நம் வகுப்புகளுக்குத் திரும்பி வந்தார்கள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று குறித்தவர்களும் உண்டு. பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு. உட்கார்ந்தவர்களே அன்று உளவியல் அறிந்த ஆசிரியர்கள்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பும் பிள்ளையின் மனத்துக்குள் போகிறது. 1968இல் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் குருட்டாம்போக்கில் தேர்ந்த சில பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் இந்த ஆண்டு மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சிறு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் முன்னேறியதாக எழுதினார்கள். எவ்வளவு முன்னேற்றம் என்பதில் பிறகு கடும் விவாதம் நடந்தது. எதிர்பார்ப்பு மந்திரம் போல வேலை செய்யும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் தாழ்வாக எடைபோட்ட பிள்ளையிடம் நாம் குறைவாகவே கேள்வி கேட்கிறோம், சீக்கிரமே கைவிடுகிறோம் என்பதை உங்கள் வகுப்பிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்கள், மூன்றும் ஒரே செடியின் பருவங்கள். ஆனால் ஒரு பிள்ளை ஆண்டு முழுதும் அரும்பு வரிசையிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயரும் பொத்தற் குடமாக மாறிவிடும். வாரம் ஒருமுறை வரிசையைக் கலைத்துப் பாருங்கள்.

6. உளவியலின் எல்லை

இத்தனையும் சொன்ன நான் எல்லையையும் சொல்ல வேண்டும். உளவியல் பெயரால் வருவதெல்லாம் உண்மையாகாது. சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள், அவரவர் பாணிக்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்ற கருத்து பயிற்சி முகாம்களில் இன்றும் உலவுகிறது. 2008இல் பேஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் கிடைத்த சான்றுகளைச் சல்லடையிட்டுப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். மாணவரை வகை பிரிக்கும் பழைய பழக்கம் புது உடையில் வந்தது, அவ்வளவுதான்.

பாட அறிவுக்கும் உளவியல் ஈடாகாது. பின்னம் தெரியாத ஆசிரியர் பின்னத்தில் பிள்ளை செய்யும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. சோற்றுக்கும் அது ஈடாகாது. அன்றைய நாகர்கோவில் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய காமராசர், பசித்த பிள்ளை படிக்காது என்று அறிந்து பள்ளியில் உணவு போட்டவர். எந்த உளவியல் நூலுக்கும் முந்திய உளவியல் அது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதன் தொடர்ச்சி.

கல்வித் துறையை நடத்துவோருக்கும் ஒரு சொல். பிள்ளையைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். எமிஸ் என்னும் இணையப் பதிவும் புள்ளிவிவரமும் வகுப்பு நேரத்தைத் தின்றால், மேலே சொன்ன ஐந்தில் ஒன்றும் நடக்காது. ஆசிரியரின் மனத்திலும் இடம் குறைவுதான். அதை விண்ணப்பங்களால் நிரப்பிவிடாதீர்கள்.

நிறைவாக

அன்பர்களே, பவணந்தியார் கண்ட பொத்தலும் பன்னாடையும் எருமையும் பொய்யில்லை. மறதி, வேண்டாததைப் பிடித்துக்கொள்ளுதல், தெளிந்ததைக் கலக்கிக்கொள்ளுதல் மூன்றும் மனித மனத்தின் இயல்புகள். அவற்றைச் சில பிள்ளைகளின் பெயராக்கியதே நம் தவறு. எல்லா மனத்திலும் அவை உண்டு என்று அறிந்தவர் ஏசமாட்டார். மறுபடி ஊற்றுவார், எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பார்.

பயிற்சி மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாள்தோறும் ஒரு பிள்ளை செய்த ஒரு பிழையை அதில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்தப் பிழை ஏன் அந்தப் பிள்ளைக்குச் சரியென்று தோன்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாவிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். ஓராண்டு முடியும்போது உங்கள் கையில் இருக்கும் அந்த நோட்டுதான் நீங்கள் படித்த மிகச் சிறந்த கல்வி உளவியல் நூலாக இருக்கும்.